எட்டுக்கால் கணக்கு: சிலந்திப் பட்டியல் பற்றி வாசகர் கேள்விகள்

இந்தியச் சிலந்திகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதைச் சிலர் வருஷக்கணக்காக உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதினேன். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று ஆரம்பித்து "அந்த வேலை எனக்குக் கிடைக்குமா?" என்பது வரை கடிதங்கள். எனவே இந்த இதழ் முழுக்க எட்டுக்கால்.

இந்தியாவில் மொத்தம் எத்தனை வகைச் சிலந்தி இருக்கிறது? சுற்றி வளைக்காமல் ஒரே எண்ணாகச் சொல்லவும்.
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருச்சி

எந்த வருஷத்துக் கணக்கு வேண்டும், சார்? 1987-இல் பி.கே. டிகாடர் எழுதிய கையேட்டில் 1,067. 2005-இல் மஞ்சு சிலிவால், சஞ்சய் மோலூர், பி.கே. பிஸ்வாஸ் மூவரும் சேர்ந்து போட்ட பட்டியலில் 1,442. அது வெளியானது நம் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜூஸ் பிரின்ட் ஜர்னல்' இதழில். 2012-இல் வந்த இன்னொரு பட்டியலில் 1,686. இன்றைக்குச் சுமாராக 2,000 என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். உலகக் கணக்கு 52,000-ஐத் தாண்டிவிட்டது.

நடுவில் சிலந்திகள் இனம் இனமாகப் பெருகிவிடவில்லை. பெருகியது காகிதம்தான்.

பட்டியல் போடுகிறவர் மாநிலம் மாநிலமாகப் போய் எண்ணிக்கொண்டு வருவாரா?
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

காட்டுக்குப் போய்ப் பிடிப்பது ஒரு வேலை, பட்டியல் போடுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்வதுண்டு. ஆனால் இரண்டாவதில் செருப்பு தேயாது, கண்தான் தேயும். இந்தியச் சிலந்தியைப் பற்றி இருநூற்றைம்பது வருஷத்தில் யார் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் தேடிப் பிடிக்க வேண்டும். தோரெல் லத்தீனில் எழுதினார், யூஜீன் சிமோன் பிரெஞ்சில், கார்ஷ் ஜெர்மனில், போக்காக் ஆங்கிலத்தில். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எஃப்.எச். கிரேவ்லியும் ஆங்கிலத்தில்தான், நல்லவேளை.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறுக்கு விசாரணை நடக்கும். முதலில் விவரித்தவர் யார், எந்த ஆண்டு? மாதிரி எந்த ஊரில் கிடைத்தது? ஆணா, பெண்ணா, இரண்டுமா? பிற்பாடு யாராவது இதை வேறு பேரினத்துக்கு மாற்றினார்களா? இதுவும் வேறொன்றும் ஒன்றேதான் என்று யாராவது நிரூபித்தார்களா?

வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் இரண்டு தெருவில் இருப்பார், வீடு மாறியவர் பழைய விலாசத்திலேயே நிற்பார், இன்னும் சிலரை அந்தத் தெருவில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். சிலந்திப் பட்டியலிலும் இந்த மூன்று ரகமும் தாராளமாக உண்டு. ஒரே வித்தியாசம், பெயர் நீக்கப்பட்ட சிலந்தி சாலை மறியல் செய்வதில்லை.

சந்தேகம் தீராவிட்டால் மூல மாதிரியைத்தான் பார்க்க வேண்டும். அதாவது, அன்றைக்கு அந்த விஞ்ஞானி எந்தச் சிலந்தியைப் பார்த்து எழுதினாரோ அதே சிலந்தி. போக்காக்கின் மாதிரிகள் லண்டனில், சிமோனுடையவை பாரிஸில், டிகாடருடையவை கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில், சாராயக் குப்பிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சில குப்பிகளில் சாராயம் மட்டும் இருக்கும்.

என் போனில் எடுத்த மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன். தெளிவாக இருக்கின்றன. பெயர் சொல்லுங்கள்.
ஆசிரியை, கரூர்

படங்கள் அருமை. முதல் படம் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெர்சிலியா. பின்னால் இரண்டு நீண்ட வால் தெரிகிறதல்லவா, அது நூல் விடும் உறுப்பு. வலை பின்னாமல், இரையைச் சுற்றிச் சுற்றி ஓடியே கட்டிப்போட்டுவிடும். இரண்டாவது ஆர்ஜியோப், வலை நடுவில் எக்ஸ் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

மூன்றாவது பழுப்பாக, சிறிதாக, ஓடுகிற ஒன்று. அதற்குப் படம் போதாது, டீச்சர். சிலந்தி இனத்தைக் கடைசியாகத் தீர்மானிப்பது நிறமோ கோலமோ அல்ல, பிறப்புறுப்பு. பெண்ணுக்கு அடிவயிற்றின் முன்பக்கத்தில் ஒரு சிறிய கெட்டியான தகடு இருக்கும். ஆணுக்கு வாயருகே இருக்கும் குட்டிக் கைகளின் நுனி குமிழாக வீங்கி, கொக்கியும் முள்ளுமாக இருக்கும். பெண் மாதிரியிலிருந்து அந்தத் தகட்டை மட்டும் நுண் ஊசியால் பிரித்து, கிராம்பு எண்ணெயில் போட்டு வைப்பார்கள். மெல்ல மெல்ல அது தெளிந்து, உள்ளே சுருண்டு சுருண்டு போகும் குழாய்களும் அவை போய் முடியும் பைகளும் நுண்ணோக்கியில் தெரிய ஆரம்பிக்கும். குழாய் இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்பதில் இனமே மாறிவிடலாம். பிறகு அதைப் பார்த்துக் கையால் வரைய வேண்டும். பல்வலிக்காரர்களுக்கு அந்த அறையின் வாசம் பழக்கமானதாக இருக்கும்.

உங்கள் படத்தில் இருப்பது இன்னும் வளர்ந்து முடியாத குஞ்சு என்றால் எண்ணெயும் உதவாது. அதற்கு அந்த உறுப்பே இன்னும் வந்திருக்காது.

டி.என்.ஏ. பரிசோதனை வந்த பிறகும் கிராம்பு எண்ணெயா?
பொறியியல் மாணவர், கோவை

இந்தச் சிலந்தியும் அந்தச் சிலந்தியும் வெவ்வேறு என்று டி.என்.ஏ. சொல்லும். இரண்டில் 1900-இல் போக்காக் பெயர் வைத்தது எது என்று கேட்டால் விழிக்கும். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது லண்டன் குப்பிக்குள் இருக்கும் ஒரு பிராணியின் மேல். நூறு வருஷம் ஊறிய மாதிரியிலிருந்து உருப்படியான டி.என்.ஏ. எடுப்பது கஷ்டம். எடுத்துக்காட்டியவர்களும் உண்டு, ஆனால் அதற்காக மாதிரியின் காலை ஒடிக்க அருங்காட்சியகம் அனுமதிக்க வேண்டும்.

பட்டியலில் சில பெயர்களுக்குப் பின்னால் விஞ்ஞானியின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சிலவற்றுக்கு வெளியே இருக்கிறது. அச்சுப்பிழையா?
பிழை திருத்துபவர், சென்னை

உங்கள் தொழிற்கண்ணுக்கு ஒரு வணக்கம். பிழை இல்லை, அதுதான் பட்டியலிலேயே மிகச் சுருக்கமான தகவல். அடைப்புக்குறி இல்லாவிட்டால், முதலில் எந்தப் பேரினத்தில் வைத்தார்களோ அதிலேயே இன்னும் இருக்கிறது என்று பொருள். தோரெல் 1887-இல் பெயர் வைத்த ஆர்ஜியோப் அனசுயா அப்படி. அடைப்புக்குறி இருந்தால் வீடு மாறியிருக்கிறது.

எறும்பு வேஷச் சிலந்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1869-இல் இலங்கையிலிருந்து போன மாதிரியைப் பார்த்து ஆங்கிலேயப் பாதிரியார் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் அதைச் சால்டிகஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பிற்பாடு அது மிர்மரக்னே ஆயிற்று. 2016-இல் மிர்மபிளாட்டா. பிளாட்டலியாய்டிஸ் என்ற கடைசிப் பெயர் மட்டும் மாறவே இல்லை, பாதிரியாரின் பெயர் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்துவிட்டது.

இதை நேரில் பார்க்க ஆசையா? மா மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புக் கூட்டத்தில் தேடுங்கள். அதே செம்மண் நிறம், அதே ஒல்லி இடுப்பு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டு துருத்தியிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். கிளையை லேசாகத் தட்டுங்கள். எறும்பு கடிக்க வரும், இது நூலில் தொங்கும்.

இராத்திரி குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. வயிற்றுக்கடியில் வெள்ளையாகத் தட்டு போல எதையோ பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அலறுகிறார். இதுவும் பட்டியலில் உண்டா?
இல்லத்தரசி, சிவகாசி

உண்டு, அம்மா, கௌரவமான இடத்தில். ஹெடெரோபோடா வெனடோரியா. லின்னேயஸே 1767-இல் பெயர் வைத்தது. அந்த வெள்ளைத் தட்டு முட்டைப் பை, குஞ்சு வரும்வரை கீழே வைக்காது. கரப்பான் பூச்சிக்கு எமன், மனிதரைக் கண்டால் ஓடும். கப்பலில் சரக்கோடு ஏறி வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் குடிபோய்விட்டதால், எத்தனையோ நாடுகளின் பட்டியலில் 'வந்தேறி' என்ற குறிப்போடு இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அவரைவிட அது அதிக நாடுகளைப் பார்த்திருக்கிறது.

பெண் ஒரு வகை, ஆண் ஒரு வகை என்று தவறாக இரண்டு முறை எழுதிவிட மாட்டார்களா?
சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

எழுதியிருக்கிறார்கள், நிறைய. மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு மரத்துக்கு நடுவே தங்க நிறத்தில் வலை கட்டி உட்கார்ந்திருக்கும் நெபிலா பிலிப்பெஸ் பெண்ணின் உடல் மட்டுமே இரண்டு அங்குலத்தை நெருங்கும். அதே வலையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஆண் அரை சென்டிமீட்டர் சுமார். இவர்கள் தம்பதி என்று பார்க்காமல் சொல்ல முடியுமா? ஏராளமான இனங்களுக்கு இன்றுவரை ஒரு பாலை மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவற்றுக்குப் பட்டியலில் ஆண் குறி மட்டும், அல்லது பெண் குறி மட்டும் போட்டிருப்பார்கள். நாளைக்கு ஒருவர் ஒரே இலைச்சுருளில் ஜோடியாகப் பிடித்துவிட்டால், இரண்டு வரி ஒரு வரியாகும். முதலில் அச்சான பெயர் நிற்கும், மற்றது அதன் கீழே இணைப்பெயராக இறங்கும்.

இந்த நெபிலாவுக்கே பழைய புத்தகங்களில் நெபிலா மாக்குலேட்டா என்று பெயர். அந்தப் பெயரை வேறொரு சிலந்திக்கு முன்பே வைத்துவிட்டதால் இது செல்லாமல் போயிற்று.

அப்படியானால் பட்டியலில் எண்ணிக்கை குறையவும் கூடுமா? குறைந்தால் கேவலம் இல்லையா?
அதே மாணவர்

கேவலம் என்ன? எனக்கு அந்தப் பக்கங்களைத்தான் அதிகம் பிடிக்கும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் செய்தித்தாளில் படம் வரும். இல்லாத ஐந்தை நீக்கினால் யாரும் தேநீர்கூட வாங்கித் தரமாட்டார்கள். ஆனால் நீக்குவதற்குத்தான் கொல்கத்தாவுக்கும் பாரிஸுக்கும் போய்ப் பழைய குப்பிகளைத் திறக்க வேண்டும். மாதிரி தொலைந்து, விவரிப்பும் நாலே வரி, படமும் இல்லை என்றால் 'சந்தேகப் பெயர்' என்று முத்திரை குத்தி ஓரமாக வைப்பார்கள். 'மொத்தம் இத்தனை' என்ற எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, எதை நீக்கினோம், ஏன் நீக்கினோம் என்று சொல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

டிகாடர் என்று ஒருவரைச் சொன்னீர்கள். அவர் எழுதியதில் தவறு அதிகம் என்று என் பேராசிரியர் சொல்கிறார்.
ஆய்வு மாணவி, திருநெல்வேலி

தவறு உண்டு. படங்கள் பல இடங்களில் போதாது. வேறு பேரினத்தில் வைத்திருக்க வேண்டியவற்றைக் கைக்குக் கிடைத்த பேரினத்தில் வைத்திருக்கிறார். பிற்பாடு வந்தவர்கள் மாற்றி மாற்றிக் களைத்துப்போனார்கள். ஆனால் 1980-இலும் 1982-இலும் வந்த 'ஃபானா ஆஃப் இந்தியா' சிலந்தித் தொகுதிகளுக்கு முன்னால் நம் ஆட்களிடம் முழுசாக இருந்தது போக்காக்கின் 1900-ஆம் வருஷத்துப் புத்தகம்தான். திட்டுவதற்கும் ஒரு புத்தகம் வேண்டுமே, அதை டிகாடர்தான் எழுதிக் கொடுத்தார். உங்கள் பேராசிரியர் வீட்டு அலமாரியிலும் ஒரு பிரதி இருக்கும், பாருங்கள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தில் 'இந்தியா' என்று இருந்தால் அது எந்த இந்தியா?
வரலாற்று ஆசிரியர், புதுக்கோட்டை

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு வருஷச் சந்தா இலவசமாகத் தரலாம். தருவது என் கையில் இல்லை. போக்காக்கின் புத்தகம் வந்த தொடரின் முழுப்பெயரே 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள், இலங்கையும் பர்மாவும் உட்பட'. எனவே அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை எடுத்தால் பர்மாச் சிலந்திகள் எல்லாம் இந்தியக் குடியுரிமை வாங்கிவிடும். மோரிஸ் மாந்துரோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1896-இல் கராச்சியிலும் பம்பாய் அருகே மாதேரானிலும் சேகரித்ததை, அடுத்த வருஷம் சிமோன் ஒரே கட்டுரையில் எழுதினார். இன்று அந்தக் கட்டுரையைப் பட்டியல்காரர் வரி வரியாகப் பிரித்து, இது பாகிஸ்தானுக்கு, இது நமக்கு என்று 1947-ஐ மறுபடி நடத்த வேண்டியிருக்கிறது. அதே மாந்துரோன் தென்னிந்தியாவில் சேகரித்ததை வைத்து 1906-இல் சிமோன் எழுதியது தனிக் கட்டுரை. அதில் இந்தத் தலைவலி இல்லை.

சிலந்திக்கு ஏது எல்லை? நாடு வாரியாகப் பட்டியல் போடுவதே அபத்தம் அல்லவா?
'உலகக் குடிமகன்', புதுச்சேரி

அபத்தம்தான். ஆனால் அனுமதியும் பணமும் பாதுகாப்புச் சட்டமும் நாடு வாரியாகத்தானே வருகின்றன? ராமேஸ்வரம் தீவில் ஓர் அனுமார் கோயில் பக்கம் கிடைத்த பெரிய மயிர்ச் சிலந்திக்கு, 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் அந்தக் கோயில் பெயரையே வைத்து போசிலோதீரியா ஹனுமவிலாசுமிக்கா என்றார். உலகிலேயே அந்தத் தீவுப் பக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். பிற்பாடு இலங்கையின் மன்னாரிலும் பதிவாயிற்று. அனுமார் பெயரை வைத்துவிட்டுக் கடல் தாண்டாது என்று எப்படி நினைத்தார்களோ.

ஆந்திராவில் நீலச் சிலந்தி உண்டாமே?
லாரி ஓட்டுநர், ஓசூர்

உண்டு, போசிலோதீரியா மெட்டாலிக்கா. உலோக நீலம், காலில் மஞ்சள். கூட்டி ரயில் நிலையத்தில் விறகுக் கட்டைகளுக்கு நடுவே கிடைத்த ஒன்றை வைத்து 1899-இல் போக்காக் பெயர் சூட்டினார். அதன்பின் நூறு வருஷத்துக்கு யார் கண்ணிலும் படவில்லை. கூட்டியைச் சுற்றித் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில் அகப்பட்டது. அங்கேயிருந்து கட்டையோடு ரயிலேறிக் கூட்டிக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய முடிவு. பட்டியலில் இருக்கும் ஊர்ப்பெயர் பிடிபட்ட ஊர். அது சொந்த ஊராகவும் இருந்தால் அதிர்ஷ்டம்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஊர்ப்பெயர் அச்சாகிவிட்டால் ஆராய்ச்சியாளர் மட்டும் படிப்பதில்லை, வளர்ப்புப் பிராணி வியாபாரியும் படிக்கிறார். இது அழிவின் விளிம்பில் உள்ள இனம். 2019-இலிருந்து இந்தப் பேரினம் முழுவதுமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது. இத்தகைய சிலந்திகளுக்கு மாவட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடத்தைப் பட்டியலில் போடாமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி. மூடி மறைத்தால் விஞ்ஞானம் வளராது என்பார்கள். சிலந்தி இருந்தால் பிறகு வளரட்டும்.

நெல் வயலில் ஓடும் சிலந்தியைக் கொல்லக் கூடாது என்கிறார்கள். அதற்கும் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?
விவசாயி, திருவாரூர்

தூர்களுக்கு நடுவே தண்ணீர் மேலேயே ஓடும், பின்புறத்தில் உருண்டையாக முட்டைப் பையை ஒட்டிக்கொண்டு அலையும், அதுதானே? புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதில் அது கெட்டிக்காரர். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். பிறகு புகையான் மட்டும் மீண்டு வரும். வேளாண்மைப் புத்தகங்களில் அதன் பெயர் லைகோசா சூடோஆனுலேட்டா. இன்றைய பெயர் பர்டோசா சூடோஆனுலேட்டா. எந்த மருந்து அதைக் கொல்லும், எது விட்டுவைக்கும் என்ற ஆராய்ச்சி பாதி பழைய பெயரிலும் பாதி புதுப் பெயரிலும் கிடக்கிறது. பழைய பெயரைக் கீழேயே எழுதி வைத்திருக்கும் பட்டியல் இருந்தால்தான் உங்கள் வேளாண் அதிகாரி இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியும். அவர் படிப்பாரா என்பது தனிக் கேள்வி.

புதுச் சிலந்திக்கு என் தலைவர் பெயரை வைக்க முடியுமா? (நடிகர்தான்.)
ரசிகர் மன்றம், சேலம்

கண்டுபிடித்து, விவரித்து, அச்சில் ஏற்றினால் வைக்கலாம். 2016-இல் கர்நாடகாவில் கிடைத்த ஒன்றுக்கு ஹாரி பாட்டர் கதையின் மந்திரத் தொப்பியை நினைத்து எரியோவிக்சியா கிரிஃபின்டோரி என்று வைத்தார்கள், சிலந்தி பார்க்கத் தொப்பி மாதிரியே இருக்கும். 2019-இல் மாரெங்கோ சச்சின்டெண்டுல்கர். மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதி கசாப்பைப் பிடித்துக்கொண்டே உயிர்விட்ட காவலர் துகாராம் ஓம்ப்ளே நினைவாக 2021-இல் ஐசியஸ் துகாராமி. தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுக்கிறது. ஒன்று யோசியுங்கள்: நாளைக்கு உங்கள் தலைவரின் இனம் வேறொன்றோடு ஒன்றுதான் என்று தெரிந்தால், அவர் பெயர் இன்னொருவருக்குக் கீழே இணைப்பெயராக இறங்கிவிடும். மன்றம் தாங்குமா?

குடும்பங்களை ஏன் அகர வரிசையில் அடுக்குகிறார்கள்? பரிணாம வரிசைதானே அழகு?
விலங்கியல் ஆசிரியர், தருமபுரி

பரிணாம வரிசை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும். ஏ, பி, சி மாறாது.

இந்தப் பட்டியல் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது யார்?
நூலகர், தஞ்சாவூர்

கார்ல் கிளெர்க், ஸ்வீடன் நாட்டுக்காரர். 1757-இல் தன் நாட்டுச் சிலந்திகளை வண்ணப் படங்களோடு ஒரு புத்தகமாகப் போட்டார். விலங்குப் பெயர்களின் சட்டம் 1758-இல், லின்னேயஸின் பத்தாம் பதிப்போடு தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர் எதுவும் செல்லாது, கிளெர்க் வைத்ததைத் தவிர. அவருக்காக மட்டும் விதியை வளைத்து, இரண்டு புத்தகமும் 1758 ஜனவரி 1-இல் வந்ததாகவே வைத்துக்கொள்வோம், மோதல் வந்தால் கிளெர்க்குக்கே முதலிடம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, உலகச் சிலந்திப் பெயர்களே ஒரு நாட்டுப் பட்டியலில்தான் பிறந்தன. நம் காலத்தில் உலகப் பட்டியலை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவர் நியூயார்க் அருங்காட்சியகத்தின் நார்மன் பிளாட்னிக். 2014-இலிருந்து அது ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தின் பொறுப்பு. 2022-இல் அதில் 50,000-ஆவதாக ஏறியது தென் அமெரிக்காவின் குதிக்கும் சிலந்தி ஒன்று.

நானும் ஒரு பட்டியல் போட ஆசைப்படுகிறேன். இந்தியா முழுவதற்கும் போடலாமா?
இளங்கலை மாணவர், வேலூர்

தம்பி, உங்கள் கல்லூரி வளாகத்துக்குப் போடுங்கள். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காட்டுக்கு ஜான் காலெப் அப்படித்தான் போட்டார், 2020-இல் அச்சேறியது. இந்தியப் பட்டியலைப் பராமரிப்பவர்களில் ஒருவரும் அவர்தான். ஒவ்வொரு மாதிரியோடும் தேதி, இடம், எதன் மேல் இருந்தது என்று பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும், பிறகு உங்களிடம் இருப்பது பெயரில்லாத ஊறுகாய்.

எனக்குச் சிலந்தி என்றாலே உடம்பு நடுங்கும். ஆனால் இதையெல்லாம் படித்ததும் பட்டியல் வேலையில் சேர ஆசை வந்துவிட்டது. சரிப்படுமா?
வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

தாராளமாகச் சேருங்கள். உயிரோடிருக்கும் சிலந்தி அந்த மேஜைப் பக்கம் வருவதே அபூர்வம். பிரெஞ்சு என்றால் உடம்பு நடுங்குமா என்று மட்டும் எழுதுங்கள்.